கயிறு தொடாத வண்டி

ஜெபராஜின் வண்டியை நான் முதலில் பார்த்தது அதன் முதுகுப் பக்கத்தைத்தான். திருநெல்வேலி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆட்டோக்களுக்கு நடுவே, திரும்பி நின்றுகொண்டிருந்தது. வெள்ளை நிறப் பிக்கப். பின்பலகையில் மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: "கயிறு தொடாத வண்டி."

என்னப்பா இது என்று கேட்டேன். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே விளக்கம் சொன்னான். வண்டி வாங்கி ஆறு வருஷம் ஆகிறதாம். ஒரு நாள்கூட வழியில் படுத்ததில்லை, எவனும் கயிறு கட்டி இழுத்ததில்லை. அவன் ஊரான ஏரலில், லோடு வண்டி ஸ்டாண்டில் இப்படி எழுதிக்கொள்ளும் யோக்கியதை இந்த ஒரு வண்டிக்குத்தான் உண்டாம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளை கலெக்டர் ஆனதுபோல இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. மலேசியாவில், கிள்ளானில், எனக்கு இரண்டு இழுவை லாரிகள் ஓடுகின்றன. என் கணவர் ஆரம்பித்த தொழில், அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். நடுரோட்டில் நின்றுபோன வண்டியைக் கொக்கி மாட்டி, முன்சக்கரங்களைத் தூக்கி, பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. கயிறும் கொக்கியும்தான் எனக்குச் சோறு போட்டன, என் மகளைப் படிக்கவும் வைத்தன. இதே ஜெபராஜ் என் பட்டறையில் நான்கு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன். என் லாரிகள் இழுத்து வந்த வண்டிகளுக்கு அடியில் படுத்துச் சம்பாதித்துத்தான் ஊரில் இந்தப் பிக்கப்புக்கு முதல் போட்டான். அவனே இப்படி எழுதிக்கொண்டு திரிகிறானே என்று ஆத்திரமாக வந்தது. பயணக் களைப்பில் சண்டையை ஒத்திவைத்தேன்.

நான் வந்த காரியம் ஒரு பாய். என் மகளுக்குக் கல்யாணம். மணமக்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். போனில் படம் அனுப்பி வாங்கிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சாயத்தின் நிறத்தைப் போன் படத்தில் நம்பினால் கிளிப்பச்சை கேட்டுப் பாசிப்பச்சை வாங்க வேண்டி வரும். நானே புறப்பட்டேன்.

முதலில் டவுணுக்குக் கூட்டிப்போனான். திருநெல்வேலிக்கு வந்து அல்வா தின்னும் முன் வேறு காரியம் பார்க்கக் கூடாது என்பது ஜெபராஜ் போட்ட சட்டம். கடை வாசலில் நின்றபடி வாழை இலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்றோம். கையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. தின்று முடித்ததும் திகட்டலுக்கு மாற்றாக உள்ளங்கையில் ஒரு பிடி மிக்சர் போட்டார்கள். கிள்ளானில் தீபாவளி சமயத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் வரும் பொருளை இனி அல்வா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மிக்சரைக் கொறித்துக்கொண்டே ரத வீதியில் நடந்தோம். நெல்லையப்பர் தேர் கூண்டுக்குள் நின்றது. தொழில் புத்தி யாரை விட்டது? பார்த்தவுடன் எடையைத்தான் கணக்குப் போட்டேன். என் இரண்டு லாரியையும் ஒன்றாகக் கட்டினாலும் இது அசையாது. எந்த இயந்திரம் வைத்து இழுக்கிறார்கள் என்று கேட்டதுதான் தாமதம், ஜெபராஜ் நெஞ்சை நிமிர்த்திவிட்டான். இயந்திரமா, எங்கள் தேருக்கா? முழுக்க ஆள் கையால்தான், வடம் பிடித்துத்தான் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு வாரம்கூடத் தவறாத கிறிஸ்தவன் அவன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் அவனும் வடம் பிடித்திருக்கிறானாம். உள்ளங்கை தோல் உரிந்ததை இன்றைக்கும் பதக்கம் வாங்கியதுபோலச் சொல்கிறான்.

"சரி, ஸ்டியரிங் எங்கே?" என்று கேட்டேன்.

"தேருக்கு ஏது அக்கா ஸ்டியரிங்கு? சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்துக் குடுத்துத்தான் திருப்புவாங்க. நாலு மூலையும் கட்டையிலயே திரும்பிரும்."

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண், யாரும் கேட்காமலே, தன் வீட்டுக்காரர் கட்டை போடுகிறவர்தான் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எடுத்த முழத்தைப் பார்த்தால் ஒன்றரை முழம் இருந்தது. பெருமையில் அளவு கூடிவிட்டது போலும்.

மறுநாள் பத்தமடை. சும்மா வண்டி ஓட்டுவது பாவம் என்று நினைக்கும் ஜாதி ஜெபராஜ், போகிற வழிக்கு உர மூட்டைகளும் வருகிற வழிக்கு ஒரு பீரோவும் பிடித்துவிட்டான். சேரன்மாதேவி தாண்டி ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டன. ஹாரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். கிள்ளானில் இப்படி நின்றிருந்தால் வண்டி பழுது என்று நினைத்து மூன்று இழுவை லாரிகள் வந்து, நீயா நானா என்று அடித்துக்கொண்டிருக்கும். அதில் ஒன்று என்னுடையதாகவும் இருந்திருக்கும்.

பாய் நெய்யும் வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாள் சாயம் ஏற்றிய கோரைகளை என் முன் பரப்பினார். கிளிப்பச்சை கிளிப்பச்சையாகவே இருந்தது. பெண்ணின் பெயர் யாழினி என்றதும் தலையாட்டினார். மாப்பிள்ளை பெயர் திருநாவுக்கரசு என்றதும் விரலால் எழுத்தை எண்ணிப் பார்த்து, இந்தப் பேருக்குப் பாயைத்தான் வளர்த்துப் போட வேண்டும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். ஆக, ஏரலில் ஜெபராஜ் வீட்டில் தங்கும்படி ஆயிற்று.

அது நல்லதாகவே போயிற்று. ஜெபராஜின் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, இஞ்சித் துவையலைத் தொட்டுத் தொட்டு நான் தின்ற சோற்றின் அளவை இங்கே எழுத மாட்டேன். கிள்ளானில் தேங்காய்ப் பாலை ஊற்றாத குழம்பே நாங்கள் வைப்பதில்லை. அதைக்கொண்டு இப்படி ஒன்று செய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாய்க்குக் காத்திருந்த நேரத்தில் நான் லோடு வண்டி ஸ்டாண்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கோயில் குளத்தைவிட எனக்கு அங்கேதான் மனசு ஒட்டியது. பூவரச மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பவனுக்கு முதல் நடை. சுற்றுவட்டாரத்து வாழைத்தார் எல்லாம் இந்த வண்டிகளில் ஏறித்தான் ஊர் தாண்டுகிறது. ஸ்டாண்டுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் செய்யது பாய். சொந்தமாக மூன்று வண்டி வைத்திருப்பவர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். நானும் லாரிக்காரி என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நாற்காலியும் நிரந்தரமாக ஒரு தேநீரும் ஏற்பாடாகிவிட்டன.

அந்த மரத்தில் ஒரு காலி எண்ணெய்த் தகரம் தொங்கியது. அது எதற்கு என்று செய்யது பாய்தான் சொன்னார். ஏதாவது ஒரு வண்டி வழியில் நின்று, கயிறு கட்டி இழுபட்டு வந்தால், ஜாக்கிக் கம்பியை எடுத்து அந்தத் தகரத்தைத் தட்டுவார்களாம். வந்த வண்டி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், உடையவன் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். தட்டுவதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை. ஜெபராஜ் தானாக அந்தப் பதவியை எடுத்துக்கொண்டான். ஒருமுறை பாயின் வண்டியே கயிற்றில் வந்தபோது, ஆற்றுப் பாலத்திலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்து தட்டிக்கொண்டே வந்தானாம். பாய் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறக்கவில்லை என்பது தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஜெபராஜின் போனுக்கு வண்டி கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஸ்டியரிங் தண்டு கீழே போய்ச் சேரும் மூட்டில் குறை இருக்கலாம், அந்த வரிசையில் செய்த வண்டிகளை எல்லாம் திரும்ப அழைக்கிறோம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது செய்தி.

ஸ்டாண்டில் யாரும் ரீகால் என்று சொல்லவில்லை. "கம்பெனி கூப்பிடுது" என்றுதான் பேச்சு. குறை இருக்கிறது என்று விற்றவனே ஒப்புக்கொள்கிறான், அவன் கையிலேயே மறுபடி எப்படிக் கொடுப்பது என்றார் ஒருவர். இன்னொருவர், தன் பழைய வண்டியைக் கூப்பிட்டபோது போனதாகவும், எதையோ மாற்றி, வண்டியைக் கழுவியும் அனுப்பினார்கள் என்றும், அதன் பிறகு வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது என்றும் சொன்னார். கழுவினதில் உனக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று மூன்றாமவர் மடக்கினார். அந்த வரிசையில் செய்த வண்டி ஸ்டாண்டில் ஜெபராஜுடையது ஒன்றுதான் என்று தெரிந்ததும், மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு அழைக்கிறார்கள் என்று கேலி தொடங்கிவிட்டது.

நானும் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்ட எத்தனையோ கார்களை நானே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், கூப்பிடுகிற கம்பெனியை நம்பலாம், தெரிந்தும் கூப்பிடாமல் இருப்பவனைத்தான் நம்பக் கூடாது என்றேன். பெரியவர்கள் ஆமாம் போட்டார்கள். ஜெபராஜும் அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

சாயங்காலம் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் பேசினாள். வண்டியை ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம், நாளைக்கு நாங்களே மீட்பு வண்டி அனுப்பித் தூக்கிவருகிறோம் என்றாள். அப்போதுதான் அவன் முகம் மாறியது. தூக்கிக்கொண்டு போகும் வண்டி ஸ்டாண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாருடைய கண்ணும் மரத்தில் தொங்கிய தகரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

வீட்டில் சண்டை பிடித்தேன். நான்கு வருஷம் என் பட்டறையில் கழன்ற மூட்டையும் உடைந்த தண்டையும் பார்த்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? அவன் எதிர்த்துப் பேசவே இல்லை. சரி அக்கா, சரி அக்கா என்றான். அவன் சரி என்று சொன்னால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். கிள்ளானிலேயே இந்த வழக்கம் உண்டு.

நினைத்தபடியே ஆயிற்று. விடியும் நேரத்தில் எஸ்தர் வந்து என்னை எழுப்பினாள். "அக்கா, வண்டியை ராத்திரியே யாருக்கும் தெரியாம எங்க அண்ணன் தோட்டத்துல விட்டுட்டு வந்துருக்காவ. இப்ப எடுக்கப் போயிட்டாவ. ஸ்டாண்டுல ஆள் வரதுக்கு முன்னால திருநெல்வேலி போயிரணுமாம். நான் சொன்னா கேக்க மாட்டாவ." செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஊர்க் கடைசியில் வாய்க்கால். அதன் மேல் குறுகலான ஒரு பலகைக் கல் பாலம். தாண்டினால் வாய்க்கால் கரையோரமாக வண்டிப் பாதை, மறுபக்கம் முழுக்க வாழை. நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

முன்னால் போய் மறித்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆறு வருஷமாக ஒரு குறையும் சொல்லாத வண்டி, இன்றைக்கு ஒரு நாள் திருநெல்வேலி வரை போகாதா என்றான். பைய ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றான். கீழே நின்றுகொண்டு, மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவரிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. பெரிய ரோடு வருவதற்குள் பேசி நிறுத்திவிடலாம் என்று நினைத்து நானும் ஏறி உட்கார்ந்தேன். அந்த நினைப்புக்கு என்னைத்தான் நான் திட்டிக்கொள்ள வேண்டும்.

குண்டும் குழியுமான பாதை, நடக்கிற வேகம்தான். பாலத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால், வாய்க்காலோடு சேர்ந்து பாதை வலப்பக்கம் வளையும். ஒடித்தான். ஸ்டியரிங் அவன் கையில் முழுச் சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது. வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போனது. பிரேக்கை மிதித்துவிட்டான். நின்ற இடத்தில் முன்சக்கரம் ஒன்று வாய்க்கால் விளிம்பில் இருந்தது. என் பக்கத்துக் கதவுக்குக் கீழே தரை இல்லை, தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

அவன் பக்கமாகவே நகர்ந்து இறங்கினேன். இருபது வருஷமாக மற்றவர்களின் விபத்துக்குப் பிறகுதான் நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன், உள்ளே இருந்ததில்லை. ஜெபராஜ் ஸ்டியரிங்கை விரலால் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். எதிலும் பிடிக்காமல் சுற்றியது.

"இது மெயின் ரோட்டுல, எதிர்ல பஸ் வரும்போது நடந்துருந்தா..." என்றான். எஞ்சினை அணைத்துவிட்டு, "அக்கா, ஸ்டாண்டுல சொல்லிராதிய" என்றான்.

என் பொறுமை அதோடு முடிந்தது. "உசிரு போயிருக்கும்டா. உனக்குத் தகரச் சத்தம்தான் பெருசாத் தெரியுதா? என் கயிறு தொட்ட வண்டியெல்லாம் கேவலப்பட்ட வண்டியா? அந்தக் கயிறு போய்ச் சேர்ந்ததாலதான் எத்தனை பேரு அன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்காங்க. போய் உன் பலகையில எழுதி வச்சிருக்கியே அதை நீயே படி."

அவன் வண்டியின் பின்னால் போய் நின்றான். உண்மையாகவே படித்தானோ என்னவோ. பிறகு போனை எடுத்து, முதலில் சர்வீஸ் சென்டருக்குப் பேசினான். அடுத்ததாகச் செய்யது பாய்க்கும் அவனே பேசினான். பேசி முடித்தபோது அவன் முகம், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையின் முகம்போல இருந்தது.

ஸ்டாண்டு மொத்தமும் வந்துவிட்டது. பாயின் கையில் தகரம் இருந்தது. ஜெபராஜ் அதைப் பார்த்துவிட்டு வாழைப் பக்கம் திரும்பிக்கொண்டான். திருநெல்வேலியிலிருந்து மீட்பு வண்டியும் வந்து சேர்ந்தது. அதன் டிரைவர் முருகன் வாய்க்கால் பாலத்தை மிதித்துப் பார்த்தான், குனிந்து அடியில் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். அவன் வண்டியின் எடையைப் பாலம் தாங்காது. இந்தப் பக்கம் நின்று இழுக்கலாம் என்றால் அவன் வண்டியில் சுருட்டியிருந்த இரும்புக் கம்பிக் கயிறு பாதித் தூரம்கூட எட்டாது. நானும் அளந்து பார்த்தேன், அவன் சொன்னது சரிதான். கயிறு கட்டி ஆள் வைத்து இழுத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"பாலத்துல திரும்பணும்லா? ஸ்டியரிங் இல்லாத வண்டியை எப்படி இழுக்கது?" என்றான் முருகன்.

செய்யது பாய் தகரத்தைக் கீழே வைத்தார்.

"தேருக்கு ஏது வே ஸ்டியரிங்கு?" என்றார்.

இதைச் சொன்னதும் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் வண்டிக்கு ஓடினான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கும் கட்டையோடு திரும்பினான். தார்ப்பாய் கட்டும் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துக் கொண்டுவந்து, சேர்த்துச் சேர்த்து முறுக்கினார்கள். முறுக்க முறுக்க அது என் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்தது. வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்புகளில் நல்லதாகப் பார்த்து இரண்டை நான் உருவினேன். அவற்றை நெம்புகோலாகக் கொடுத்து, விளிம்பில் இருந்த சக்கரத்தை எப்படிப் பாதைக்குத் திருப்புவது என்று முருகனுக்கும் இன்னொருவனுக்கும் காட்டினேன். என் தொழில் அங்கே செல்லுபடியானதில் எனக்குப் பரம சந்தோஷம். உள்ளே உட்கார்ந்து பிரேக் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் என்றேன். இதுபோன்ற நேரத்தில் பிரேக்கை எப்போது தொட வேண்டும், எப்போது தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

வடம் நீண்டு கிடந்தது. டிரைவர்கள், வாழைத்தார் சுமப்பவர்கள், தோட்டத்தில் வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். எஸ்தர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சேலையோடு வந்து நடுவில் நின்றாள். ஜெபராஜ் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். செய்யது பாய் அவனிடம் போய்த் தகரத்தையும் ஜாக்கிக் கம்பியையும் நீட்டினார்.

"எப்பவும் தட்டுதவன் நீதானலே. இன்னைக்கு மட்டும் என்ன? முன்னால நின்னு தட்டு. சத்தம் இல்லாம தேர் நகருமா?"

ஜெபராஜ் வாங்கிக்கொண்டான். முதல் தட்டு தகரத்தில் பட்டும் படாமலும் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கேட்டது. மூன்றாவதில் வடம் விறைத்தது, வண்டி அசைந்தது, யாரோ குலவையிட்டார்கள். அதன் பிறகு அவன் தட்டிய தட்டில் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

கிள்ளானில் எத்தனையோ வண்டிகளைக் கயிற்றில் இழுத்திருக்கிறேன். இழுபடும் வண்டிக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான். எஞ்சின் சத்தம் கிடையாது. கையில் எதற்கும் உதவாத ஸ்டியரிங். கண்ணாடிக்கு முன்னால் நிறைய முதுகுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. என் உயிர் அந்த முதுகுகளிடம் இருக்கிறது என்று தெரிந்தும் துளிகூடப் பயம் வரவில்லை. பெருமையாக இருந்தது. நின்றுபோன வண்டிக்காரன் யாரையும் பார்க்காமல் தலை குனிந்து நிற்பதையே பார்த்துப் பழகியவள் நான். இப்படியும் ஒருவனை இழுத்துக்கொண்டு போகலாம் என்பது எனக்குப் புதிது.

பாலத்து மூலை வந்தது. இடது கட்டை, இடது கட்டை என்று பாய் குரல் கொடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டை போனது. வண்டி ஒரு பக்கம் ஏறி, முனகி, முகத்தைத் திருப்பியது. பைய, பைய என்று எல்லா வாயும் சொன்னது. இன்னொரு கட்டை, இன்னொரு இழுப்பு. மறுபடி திருப்பியது. முன்சக்கரம் இரண்டும் பாலத்துக் கல்லில் ஏறி நேராக நின்றபோது என் காலுக்குப் பிரேக்கே தேவைப்படவில்லை. பாலத்தைத் தாண்டி, மேடு ஏறி, பெரிய ரோட்டில் முருகனின் வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "தேர் நிலை சேந்துட்டு" என்றார் செய்யது பாய். எல்லாரும் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்குத் தோல் உரிந்திருந்தது.

முருகன் கொக்கி மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். எத்தனையோ ஊருக்குப் போய் வண்டி தூக்கியிருக்கிறேன், என் வண்டியைப் பார்த்து மூஞ்சி சுளிக்காத இடம் இதுதான் அம்மா என்றான். எனக்கும் அப்படித்தான் தம்பி என்றேன். ஜெபராஜ் அவனுடன் முன்சீட்டில் ஏறிக்கொண்டான், தகரத்தையும் விடவில்லை. ஸ்டாண்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தானே தட்டிக்கொண்டு போனான். சட்டம் சட்டம்தானே, போகும்போதே எல்லாருக்கும் தேநீர் சொல்லிவிட்டுத்தான் போனான்.

வண்டி மூட்டு மாற்றி வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை, கழுவியும் கொடுத்திருந்தார்கள். முன்பு கழுவிக் கொடுத்த கதையைச் சொன்னவர் ஸ்டாண்டில் ஒரு நாள் முழுக்க அதையே பேசினார். வரிசையில் ஜெபராஜின் வண்டி கடைசியில் நின்றது. அவன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தன் முறைக்குக் காத்திருந்தான்.

பத்தமடைப் பாயும் தயாராகிவிட்டது. யாழினி ஒரு வரியிலும், திருநாவுக்கரசு கரை வரை நீண்டு இன்னொரு வரியிலும் இருந்தார்கள். அதைச் சுருட்டிப் பிக்கப்பில் ஏற்றி என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். பாயை இறக்கப் பின்பக்கம் போனேன். பலகையில் பழைய வாசகம் இல்லை. வெள்ளை அடித்து, அதன் மேல் அதே மஞ்சளில் புதிதாக எழுதியிருந்தது: "வடம் பிடித்த வண்டி."

அவனாகத்தான் சொன்னான். "பெயிண்டருக்கு வெளங்கல அக்கா. வடம்னு சொன்னா மொதல்ல கயிறுன்னு எழுதிட்டான். அழிச்சு எழுதச் சொல்லிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பலகையில் கையை வைத்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கிள்ளானில் என் அலுவலகச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

என் இரண்டு லாரிகளின் பக்கவாட்டிலும் இத்தனை வருஷமாக ஒரு போன் நம்பர் மட்டும்தான் எழுதியிருந்தது. போன வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டேன். நம்பருக்கு மேலே தமிழில் எழுத வேண்டும் என்றதும், வாசகம் நீளமா என்று கேட்டார், இடம் விட வேண்டுமாம். வடம், மூன்றே எழுத்துத்தான், ஆனால் பெரிதாக எழுதுங்கள் என்றேன்.